அத்தோ கடையும் ஆறு அபிப்பிராயங்களும்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் பர்மா உணவுக் கடை ஒன்று திறந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ‘அத்தோ’ என்ற பெயரைச் சொன்னாலே நாக்கில் நீர் ஊறுகிறவர்கள் ஒரு கட்சி. “ஐயோ, அங்கேயா?” என்று முகம் சுளிக்கிறவர்கள் இன்னொரு கட்சி. காய்கறி வண்டி வந்து நின்றாலும் இதே பேச்சு, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் இதே பேச்சு!

ஒரு சின்னக் கடைக்கு இவ்வளவு விவாதமா என்று நீங்கள் கேட்கலாம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி என்று தென்சென்னைப் பக்கம் எங்கும் மாலை நேரத்தில் அத்தோ வண்டிகள் நிற்கின்றன. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், “அம்மா, வாங்கிக் கொடு” என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். வாங்கிக் கொடுப்பதா, வேண்டாம் என்பதா? தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தானே! அதனால் இரு கட்சிக்காரர்களிடமும் பேசினேன். கடைக்காரர் குடும்பத்திடமும் பேசினேன்.

யார் என்ன சொல்கிறார்கள்?

எதிர்வீட்டு மாமி: “ஆறிப்போன நூடுல்ஸைக் கையால பிசைஞ்சு தட்டுல போடறான். இதுக்குக் காசு வேற! சுடச்சுட ஒரு ரவா உப்புமா கிண்டினா ஆகாதா?”

மாடி வீட்டுக் கல்லூரிப் பெண்: “ஆன்ட்டி, அந்த வறுத்த பூண்டு வாசனை இருக்கே, அதுக்காகவே போகலாம்!”

சைவம் தவிர வேறு தொடாத பக்கத்து வீட்டு அக்கா: “நம்பிப் போக முடியலைம்மா. பர்மாக்காரங்க எதுல பார்த்தாலும் கருவாட்டுப் பொடி சேர்ப்பாங்களாமே?”

நாலு வயசுப் பையனின் அம்மா: “பச்சைக் கோஸ், பச்சை வெங்காயம். குழந்தை வயித்துக்கு ஒத்துக்குமான்னு பயமா இருக்கு.”

பூக்கடை அக்கா: “மத்ததெல்லாம் எனக்கு வேணாம். அந்த வாழைத்தண்டு சூப்பு ஒரு கிண்ணம் குடிச்சா வயிறு லேசா இருக்கு.”

ஆறாவது அபிப்பிராயம் என் மாமியாருடையது. எழுபதைத் தாண்டியவர். ஒரு வாய் மென்று பார்த்துவிட்டு, “புளி, பூண்டு, வறுத்த கடலை மாவு, மிளகாய்... எல்லாம் நம்ம அஞ்சறைப் பெட்டிச் சாமான்தானேடி! கலக்கிற விதம்தான் வேற” என்றார்.

அத்தோ என்பது என்ன?

மாமியார் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. பர்மியப் பேச்சில் ‘அத்தோ’ என்றால் கையால் கலந்து பிசைந்தது என்று அர்த்தம். நம் கோசுமரி மாதிரி ஒரு கலவை. வேகவைத்து ஆறவிட்ட தடிமனான நூடுல்ஸில் மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, வறுத்த கடலை மாவு, புளித்தண்ணீர், மிளகாய்த் தூள், உப்பு, கொத்தமல்லி, அந்த வெங்காயம் பொரித்த எண்ணெய் எல்லாம் சேரும். மேலே ‘பேஜோ’ என்ற மொறுமொறு வடையை நொறுக்கிப் போடுவார்கள். பர்மாவில் ஊறவைத்த தேயிலையைக்கூட இப்படிக் கலந்து ‘லெப்பெத் தோ’ என்று சாப்பிடுகிறார்கள்.

ஆக, இது ஆறித்தான் இருக்கும். சைனீஸ் ஃப்ரைட் நூடுல்ஸ் மாதிரி ஆவி பறக்க வரும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தயிர்ப் பச்சடி ஆறியிருக்கிறது என்று யாராவது குறை சொல்வோமா? மாமிக்குப் பிடிக்காமல் போனதில் தப்பில்லை. ஆனால் ஆறியிருப்பது கடைக்காரரின் அசட்டை இல்லை, அந்தப் பண்டத்தின் குணமே அதுதான்.

கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வரும். இதன் மூலம் ‘மொகிங்கா’ என்ற பர்மிய உணவு. அங்கே மீன் குழம்பில் வாழைத்தண்டும் எலுமிச்சம்புல்லும் சேர்த்து, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றிக் காலைப் பலகாரமாகச் சாப்பிடுவார்கள். நம் ஊரில் பல கடைகளில் மீன் போய், கடலை மாவு கரைத்த வாழைத்தண்டு சூப்பாக அது மாறிவிட்டது. தேங்காய்ப்பால் ஊற்றும் ‘கௌ ஸ்வே’யும் பர்மாவிலிருந்து வந்ததுதான். தாய்லாந்தின் சியாங் மாய் பக்கம் ‘காவ் சோய்’ என்று விற்பது இதற்கு உறவுமுறை. தாய்லாந்துச் சாப்பாட்டை நம் ஊரில் பெரும்பாலும் ஏசி ஹோட்டலில், மேஜைத் துணி விரித்து, நல்ல விலைக்குத்தான் பரிமாறுகிறார்கள். அதன் பக்கத்து நாட்டுச் சாப்பாடோ தள்ளுவண்டியில் வந்து நம் தெருவில் நிற்கிறது. ஏன் அப்படி?

கப்பலில் வந்த ருசி

இந்தக் கதை நம் ஜனங்களின் கதை. 1886ல் பர்மா முழுவதையும் ஆங்கிலேயர் தங்கள் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். நெல் வயலுக்கும் துறைமுகத்துக்கும் கூலிகளாக, லேவாதேவிக்குச் செட்டியார்களாக, கடை கண்ணி வைப்பவர்களாகத் தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். 1931ஆம் வருஷக் கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்து ஜனங்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்றால் பாருங்கள்!

1942ல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். யுத்தம் முடிந்ததும் திரும்பிப் போனவர்களும் உண்டு. 1962ல் ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றும் அறிவித்தது. தலைமுறையாகச் சேர்த்தது எல்லாம் போயிற்று. நகை, பணம் எடுத்து வரவும் கடுமையான கட்டுப்பாடு. ஏறக்குறைய கட்டிய துணியோடு கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

அவர்களுக்கு வியாசர்பாடி முதலிய இடங்களில் குடியிருப்புகள் கொடுத்தார்கள். 1969ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் ஏற்பட்டது. அதை ஒட்டிய செகண்ட் லைன் பீச் பகுதியில்தான் அத்தோ வண்டிகள் பெயர் பெற்றன. மூலதனம் இல்லாத குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, ஒரு பாத்திரம், கைப்பக்குவம் இருந்தால் போதுமே! பெண்கள் வீட்டில் பூண்டு பொரிக்க, மாவு வறுக்க, ஆண்கள் வண்டியில் நின்று விற்றார்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. ஆபீஸ் விட்டு அந்த ரயிலில் திரும்பும் நம் பேட்டை ஆட்கள் வட சென்னையில் ருசி கண்டார்கள். இப்போது கடையே இந்தக் கோடிக்கு வந்துவிட்டது.

எங்கள் தெருமுனைக் கடைக்காரரின் அம்மா எட்டு வயசில் கப்பலில் வந்தவர். “அங்கே எறாப் பொடி போடாம செய்யமாட்டோம்மா. இங்கே முதல்ல கேக்கறதே ‘சைவமா?’ன்னுதான். அதனால நிறுத்திட்டோம். நாக்கும் ஊருக்கு ஏத்த மாதிரி மாறிடுச்சு” என்று சிரித்தார்.

கேட்டுச் சாப்பிடுங்கள்

சரித்திரம் மனசைத் தொடலாம். ஆனால் பரிவு வேறு, சுத்தம் வேறு. வயிறு சரித்திரம் பார்க்காது! ஆகவே பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

கருவாடு, மீன் சாஸ்: பக்கத்து வீட்டு அக்காவின் சந்தேகம் நியாயமானது. பர்மாவில் ‘ங்கப்பி’ என்ற மீன் விழுதும், தாய்லாந்தில் மீன் சாஸும் இல்லாத சமையல் குறைவு. ‘வெஜ்’ என்று எழுதியிருந்தாலும், “மீன் சாஸ், எறாப் பொடி ஏதாவது உண்டா? முட்டைக்கும் இதுக்கும் ஒரே கரண்டியா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பச்சைக் கோஸ்: நாலு வயசுப் பையனின் அம்மா பயந்ததும் சரியே. முட்டைக்கோஸின் இலை மடிப்பில் மண்ணும், அதோடு புழு முட்டைகளும் தங்கும். வேகவைத்தால் அழியும், பச்சையாகத் தின்றால் ஆபத்து. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயசானவர்கள் ஆகியோருக்கு வெளியில் வாங்கும்போது, “கோஸும் பச்சை வெங்காயமும் வேண்டாம், பொரித்த வெங்காயம் போதும்” என்று சொல்லிவிடுங்கள்.

நிறம்: சில கடை நூடுல்ஸ் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால் பஞ்சு மிட்டாயையே தமிழக அரசு தடை செய்தது ஞாபகம் இருக்கிறதா? சாயம் என்பது சாதாரண விஷயம் இல்லை. வெள்ளை நூடுல்ஸ் உள்ள கடையாகப் பாருங்கள். ருசி ஒன்றுதான்.

அஜினோமோட்டோ: 1908ல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய ரசாயன நிபுணர் கடற்பாசிச் சாறிலிருந்து பிரித்த உப்பு இது. பெரியவர்களுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்தால் கெடுதல் இல்லை என்கிறார்கள். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குக் கூடவே கூடாது. இதிலும் சோடியம் இருப்பதால் ரத்த அழுத்தக்காரர்கள், “அது வேண்டாம், உப்பும் குறைச்சுப் போடுங்க” என்று சொல்லலாம்.

எண்ணெயும் கையும்: பேஜோ பொரிக்கும் எண்ணெய் கறுத்து, நுரைத்துப் புகைந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கலக்கும் கையில் உறை இருக்கிறதா, அதே கையால் காசு வாங்குகிறாரா என்று பாருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் மாட்டியிருக்க வேண்டும்.

பூக்கடை அக்காவின் சூப்புக்கு என் ஓட்டும் உண்டு. வாழைத்தண்டில் நார்ச்சத்து நிறைய. ஆனால் கல் கரையும் என்று நம்பி டாக்டரிடம் போகாமல் இருக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறுக்காகப் பத்தியத்தில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக! நாலு பேருக்கு: தடிமனான கோதுமை நூடுல்ஸ் 200 கிராம், கோஸ் சீவியது 1 கப், பெரிய வெங்காயம் 3, பூண்டு 12 பல், கடலை மாவு 2 டேபிள்ஸ்பூன், சின்ன எலுமிச்சை அளவு புளி, நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் கால் கப், மிளகாய்த் தூள், உப்பு, கொத்தமல்லி. மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் தட்டை.

நூடுல்ஸை வேகவைத்து வடித்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி ஆறவிடுங்கள். கடலை மாவை வெறும் வாணலியில், சின்னத் தீயில், வாசனை வரும்வரை வறுங்கள். பச்சை வாடை இருந்தால் எல்லாமே கெட்டுவிடும். இரண்டு வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து எண்ணெயில் சிவக்கப் பொரித்து எடுங்கள். அதே எண்ணெயில் பூண்டையும் சீவிப் பொன்னிறமாகப் பொரியுங்கள். அந்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், மணமே அதில்தான். கோஸை உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் அலசி, கொதிநீரில் நன்றாக வேகவிட்டுப் பிழிந்துகொள்ளுங்கள். கடை அத்தோவின் நறுக்கென்ற கடி இதில் இருக்காது, ஆனால் குழந்தைக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். மீதி ஒரு வெங்காயம் பெரியவர்கள் தட்டுக்குப் பச்சையாக.

புளியைக் கெட்டியாகக் கரைத்து ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். சாப்பிடும் சமயத்தில் எல்லாவற்றையும் சுத்தமான கையால் லேசாகக் கலந்து, தட்டையை நொறுக்கிப் போடுங்கள். முன்கூட்டியே கலந்தால் சொதசொதவென்று ஆகிவிடும். நூடுல்ஸ் பிடிக்காதவர்கள் முதல் நாள் ராத்திரி மீந்த இடியாப்பத்தில் செய்து பாருங்கள். மாமியார் அதைத்தான் விரும்பிச் சாப்பிட்டார்.

எதிர்வீட்டு மாமிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். “உங்காத்துல பண்ணினதால நன்னாருக்கு. கடைக்கெல்லாம் போகமாட்டேன்” என்று பதில் வந்தது. போகட்டுமே! எல்லா நாக்குக்கும் ஒரே ருசி என்று யார் எழுதி வைத்தார்கள்? மாடி வீட்டுப் பெண் கோஸ் இல்லாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். நாலு வயசுப் பையனின் அம்மா மாசம் ஒரு தடவை வீட்டில் செய்து கொடுக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கடைக்காரரிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு, இப்போது சூப் மட்டும் வாங்குகிறார். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கடை வந்திருந்தால், ஊர் சொல்வதை வைத்துத் தள்ளவும் வேண்டாம், பிள்ளை அழுகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம். ஒரு நாள் மாலை நேரில் போய், அடுப்படியை எட்டிப் பார்த்து, நாலு கேள்வி கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.