ஏ19 சாலையின் ஏற்றமும் ஹைபிரிட் காரின் இரைச்சலும்

சிசிலியின் தலைநகரான பலெர்மோவிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள கத்தானியாவுக்குச் செல்லும் ஏ19 விரைவுச்சாலை, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் கடலை ஒட்டியே ஓடி, புவோன்ஃபோர்னெல்லோவைக் கடந்ததும் தெற்கே திரும்பி, இமேரா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மலைப்பாங்கான உள்நாட்டை நோக்கி ஏறத் தொடங்குகிறது. அதுவரை அரவமின்றி வந்த ஹைபிரிட் கார், வேகத்தைத் தானே நிலையாகக் காக்கும் க்ரூஸ் கன்ட்ரோலில் விடப்பட்டிருந்தால், ஏற்றத்தில் உரக்க இரையத் தொடங்கும். வேகமுள் ஓரிடத்திலேயே நிற்க, என்ஜின் மட்டும் முழுமூச்சாகச் சுழல்வதைக் கேட்பவர்கள், கிளட்ச் வழுக்குகிறது என்றோ கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்றோ அஞ்சுவது இயல்பே. ஆனால் அது பழுதின் அறிகுறி அன்று; அந்த வண்டியின் அமைப்பிலேயே பிறக்கும் ஓசை.

எடுத்துக்காட்டாக, 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸில் வழக்கமான கியர் பாக்ஸ் இல்லை. அதன் இடத்தில், நடுவில் ஒரு சிறிய பற்சக்கரமும், அதைச் சுற்றி ஒரு வளையமும், இரண்டுக்கும் இடையே உருளும் சிறு சக்கரங்களும் கொண்ட கோள்சக்கரத் தொகுதி ஒன்று இருக்கிறது. நடுச்சக்கரத்தோடு மின்னாக்கியாகச் செயல்படும் மோட்டாரும், வளையத்தோடு வண்டியை இழுக்கும் மோட்டாரும் சாலைச் சக்கரங்களும், இடையிலுள்ள சட்டத்தோடு என்ஜினும் இணைந்துள்ளன. நடுச்சக்கரத்துக்கு 30 பற்களும் வளையத்துக்கு 78 பற்களும் இருப்பதால், என்ஜினின் முறுக்குவிசையில் சுமார் 72 விழுக்காடு நேராகச் சக்கரங்களுக்குச் செல்ல, எஞ்சிய 28 விழுக்காடு மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அங்கு பிறக்கும் மின்சாரம் இழுக்கும் மோட்டாருக்கே போய்ச் சேருகிறது. பற்கள் எப்போதும் கோத்தபடியே இருப்பதால் கியர் மாற்றம் என்ற நிகழ்ச்சியே கிடையாது. மின்னாக்கியின் சுழற்சியைக் கூட்டியும் குறைத்தும், கார் எந்த வேகத்தில் போனாலும் என்ஜினைத் தேவையான சுழற்சியில் கணினியால் நிறுத்த முடியும் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

க்ரூஸ் கன்ட்ரோலுக்குத் தெரிந்தது வேகம் ஒன்றுதான். முன்னால் மேடு வருவது அதற்குத் தெரியாது. வேகம் சற்றே தளர்ந்த பிறகுதான் அது கூடுதல் திறனைக் கேட்கிறது. ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் சமதரையில் ஓட ஏறத்தாழ 14 கிலோவாட் போதும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்தைக் காக்க 35 கிலோவாட் வேண்டும். முதலில் பேட்டரி கைகொடுத்தாலும், அதன் இருப்பு குறையக் குறையச் சுமை முழுவதும் என்ஜின் மீது விழுகிறது. அந்தத் திறனைத் தர என்ஜின் வேகமாகச் சுழன்றாக வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் கார் இதே ஏற்றத்தில் கீழ்க் கியருக்கு இறங்கி, மீண்டும் மேலேறி, மறுபடி இறங்கித் தடுமாறும். அதைவிட இந்த ஒரே சீரான இரைச்சல் மேலானது என்பதில் ஐயமில்லை. ஏற்றத்துக்கு முன்பே ஓட்டுநர் வேகத்தை 100க்குக் குறைத்து அமைத்தால் தேவை 30 கிலோவாட்டாகத் தணியும், இரைச்சலும் அடங்கும்.

1906 முதல் இந்தச் சாலையை ஒட்டிய மதோனியே மலைகளில் நடந்த டார்கா ஃப்ளோரியோ கார் பந்தயத்தின் ஓட்டுநர்கள், வளைவையும் மேட்டையும் கண்ணால் கண்டு, அதற்கு முன்பே கையால் கியரை மாற்றினார்கள். அந்த முன்னறிவுதான் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு இல்லாதது.

ஏற்றத்தைவிட இறக்கமே ஹைபிரிட் காருக்குக் கடினமான சோதனை. பலெர்மோவின் வடக்கே 606 மீட்டர் உயர்ந்து நிற்கும் மோந்தே பெல்லெக்ரினோ மலையில், சுமார் 430 மீட்டர் உயரத்தில் சாந்தா ரோசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. நகரில் வாழும் இலங்கைத் தமிழர்களில் கத்தோலிக்கர்களோடு இந்துக்களும் அங்கு வழிபடச் செல்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த அந்தச் சாலையில் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு வேலையில்லை என்றாலும், இறக்கத்தின் கணக்கை அங்கேயே தெளிவாகப் பார்க்கலாம். 1,400 கிலோ கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 1.6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இழுக்கும் மோட்டார் அதை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. பிரியஸின் இரண்டாம் தலைமுறை பேட்டரியோ மொத்தமே 1.3 யூனிட் கொள்ளளவு உடையது; நீண்ட ஆயுளுக்காக அதில் அரை யூனிட் அளவை மட்டுமே கணினி புழக்கத்தில் விடுகிறது. டயரும் காற்றும் தின்றதுபோக மிஞ்சுவதே அரை யூனிட்டைத் தாண்டிவிடுவதால், அடிவாரம் வரும் முன்பே பேட்டரி நிரம்பிவிடுகிறது.

அதன் பிறகு, இழுக்கும் மோட்டார் ஆக்கும் மின்சாரத்தைக் கொண்டு மற்ற மோட்டார் என்ஜினைச் சுழற்றுகிறது. ஒரு துளி பெட்ரோலும் எரியாமல், காற்றை அழுத்தும் பம்புபோல என்ஜின் இயங்கி வேகத்தைப் பிடித்துவைக்கிறது. இறக்கத்தில் கேட்கும் இரைச்சலின் காரணம் இதுவே. ஏ19இல் கடற்கரையை நோக்கித் திரும்பும் நீண்ட சரிவுகளிலும் இது நேரும். கியர் நெம்புகோலில் உள்ள ‘பி’ (B) நிலை, பேட்டரி நிரம்பும்வரை காத்திராமல் என்ஜினைத் தடையாகப் பயன்படுத்துவதற்கானது. கோயிலிலிருந்து இறங்குபவர்கள், பிரேக் சூடேறிய பிறகல்லாமல் முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே அந்த நிலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.