சிறு காரியாலயமும் கணக்கின் சாவியும்

ஆடிட்டர், வக்கீல், என்ஜினீயர் போன்றோர் மூன்று நான்கு குமாஸ்தாக்களை வைத்துக்கொண்டு நடத்தும் காரியாலயங்களில் ஒரு வினோதத்தைக் காணலாம். ஒரே கட்சிக்காரரின் விலாசம் கடிதக் கோப்பில் ஓரிடத்திலும், பில்லில் ஓரிடத்திலும், பேரேட்டிலும், வரி நமூனாவிலுமாக நான்கு முறை எழுதப்படுகிறது. அவர் வீடு மாறினால் மூன்றைத் திருத்தி நான்காவதை மறந்துவிடுவது மனித சுபாவம். இதற்காகக் குமாஸ்தாவைக் கடிந்துகொள்வது நியாயமன்று, குற்றம் ஏற்பாட்டினுடையது.

ஒருங்கிணைந்த காரியாலய மென்பொருளின் பிரதான நன்மை இங்கேதான் இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவில் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்பது கணக்குத்தாள், வரைபடம், தகவல் ஜாபிதா ஆகிய மூன்றையும் ஒன்று சேர்த்தது. அதன் பெயரிலுள்ள எண்களும் அம்மூன்றையே குறித்தன. இன்று கடிதம், தபால், பில், பேரேடு யாவும் ஒரே தொகுப்பில் அடங்கிவிட்டன. ஒரு விவரத்தை ஒரு முறை பதிந்தால் போதும்.

இது வெறும் சௌகரியம் அன்று. 2017 ஜூலை 1 முதல் அமலிலுள்ள ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு வியாபாரிக்கும் 15 இலக்கப் பதிவெண் உண்டு. விற்றவர் தாக்கல் செய்த விவரம் வாங்கியவரின் பட்டியலில் தோன்றினாலன்றி வாங்கியவருக்கு வரி வரவு கிடையாது என்பது 2022 ஜனவரி முதல் சட்டம். ஆடிட்டர் காரியாலயத்தில் ஓர் எழுத்துப் பிசகினால், முன்பின் அறியாத ஒரு வியாபாரியின் முதல் முடங்குகிறது! பெரிய கம்பெனிகள் ஒப்புநோக்குவதற்கென்றே ஆட்களை நியமிக்கலாம். சிறு காரியாலயத்தால் அது இயலாது. ஆகவே இத்தொகுப்பினால் அதிக லாபம் அடைவது சிறியவரே என்பது நமது அபிப்பிராயம். ஆனால் முதற் பதிவில் நேரும் பிழையும் அதே வேகத்தில் எங்கும் பரவும். அதைப் பொறுப்புள்ள ஒருவர் சரிபார்ப்பது அவசியம்.

இனி, கணக்கின் சாவி யார் கையில் என்ற கேள்வி. யாவும் ஒரே பெட்டியில் இருக்கையில், பெட்டி பூட்டப்பட்டால் தொழிலே நின்றுவிடும். 2025 ஜூலையில் நிகழ்ந்ததைக் கவனியுங்கள். குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ராஸ்நெப்டுக்குப் பங்கு உண்டு. ஐரோப்பிய யூனியன் அதன்மீது தடை விதித்ததும், மைக்ரோசாப்ட் தனது சேவைகளை நிறுத்தியது. தடை விதித்தது இந்தியா அன்று. சேவை இழந்ததோ இந்திய மண்ணிலுள்ள நிறுவனம். டில்லி ஹைக்கோர்ட்டை அணுகிய பிறகு சேவை திரும்பிற்று. நான்கு குமாஸ்தா காரியாலயம் எந்த ஹைக்கோர்ட்டுக்குப் போகும்?

கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களுக்கு இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் பிரதி வைக்க வேண்டுமென்று 2022-ல் விதி திருத்தப்பட்டது. கம்பெனி அல்லாத காரியாலயங்களும் இதைத் தாமாகவே கைக்கொள்வது நலம். சென்னையில் ஜோஹோ, பெங்களூரில் டாலி ஆகிய சுதேசித் தயாரிப்புகள் உள்ளன. லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. சுதேசி என்பதால் மட்டும் எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டுவதில்லை. சந்தாவை நிறுத்தினால் பேரேடு முழுவதையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய உருவில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று விற்பவரைக் கேட்டு, பதிலை எழுத்து மூலம் வாங்கிக்கொள்ளுங்கள். பிரதியை மாதம் ஒரு முறையேனும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.