பெரிய கோயில் சுவரில் ஒரு குடும்பக் கதை: தஞ்சை மராத்தியர் தங்கள் வரலாற்றை எங்கே எழுதி வைத்தார்கள்?

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போனால் நந்தி முன்னால் ஒரு செல்ஃபி, விமானத்தை அண்ணாந்து ஒரு பார்வை, அவ்வளவுதான், கிளம்பிவிடுவோம். பிராகாரத்தின் தென்மேற்குப் பக்கச் சுவரை நின்று பார்ப்பவர்கள் குறைவு. அங்கே இருப்பது சோழர் கல்வெட்டு இல்லை. மராத்தி மொழியில், தேவநாகரி எழுத்தில் செதுக்கிய ஒரு குடும்பத்தின் கதை.

யாருடைய குடும்பம்?

போன்ஸ்லே குடும்பம். சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜி, 1670-களில் தஞ்சையைப் பிடித்தார். அவருடைய வம்சம் 1855 வரை இங்கே இருந்தது. அந்த வம்சத்தின் வரலாற்றை 1803-இல் கல்லில் எழுத வைத்தவர் இரண்டாம் சரபோஜி. ‘போன்ஸ்லே வம்ச சரித்திரம்’ என்று அதற்குப் பெயர்.

அந்த வருஷத்தில் ஏன்?

1799 ஒப்பந்தப்படி நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் ராஜா என்ற பட்டமும்தான். அடுத்த நாலே வருஷத்தில் இந்தக் கல்வெட்டு. ஆட்சி கைவிட்டுப் போன பிறகு, ‘நாங்கள் யார்’ என்பதையாவது அழியாமல் வைத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்து, ஓலைச்சுவடிகளையும் புத்தகங்களையும் தேடிச் சேர்த்தவரும் இதே சரபோஜிதான்.

கல்லில் மட்டும்தானா?

இல்லை, மேடையிலும் இருக்கிறது. முதலாம் சாஹஜி எழுதிய ‘பஞ்சபாஷா விலாசம்’ நாடகத்தில் சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ், மராத்தி, இந்தி என ஐந்து மொழிகள் பேசுகின்றன. கோயில் திருவிழாக்களில் நாம் கேட்கும் கதாகாலட்சேபத்துக்கும் மராத்தி கீர்த்தனுடன் உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அந்தப் பாணியை நம்ம ஊர் சங்கீதத்தோடு சேர்த்தார். சாகி, திண்டி என்ற மராத்தி மெட்டுகளை இன்றும் பாகவதர்கள் பாடுகிறார்கள்.

சாதாரணக் குடும்பங்களின் கதை?

சிக்கலே இங்கேதான். அரண்மனைக் கணக்குகளும் கடிதங்களும் ‘மோடி’ எழுத்தில் உள்ளன. வேகமாக எழுதுவதற்காக எழுத்துகளைக் கோத்து எழுதும் முறை அது. இன்று அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மோடி ஆவணங்கள் பலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது.

வீட்டுக்குள் பேசும் தஞ்சாவூர் மராத்தியின் நிலை இன்னும் கஷ்டம். தமிழ்ச் சொற்கள் கலந்த அந்தப் பேச்சு, புனேக்காரர் காதுக்கே புதுசாகத் தெரியும். பாட்டி பேசுவாங்க, அம்மாவுக்குப் புரியும், பேரப்பிள்ளை தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்லும். இப்படித்தான் பல வீடுகளில் மூன்றே தலைமுறையில் மொழி நின்றுபோகிறது. எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் முதலில் வந்தார்கள் என்ற கதைகளும் அதோடு போய்விடும்.

என்ன செய்யலாம்?

வீட்டுப் பெரியவர்களைப் பேசவிட்டு போனில் பதிவு செய்யுங்கள், அவங்க பேசும் மொழியிலேயே. பழைய போட்டோவின் பின்னால் பெயரும் வருஷமும் பென்சிலால் எழுதுங்கள். பரணில் பழைய காகிதம் கிடைத்தால் லேமினேட் செய்யாதீர்கள். அப்புறம் பிரிக்கவே முடியாது. போட்டோ எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இது மராத்திக் குடும்பங்களுக்கு மட்டுமில்லை, டெல்டாவில் எந்த வீட்டுக்கும் பொருந்தும். சரபோஜிக்குக் கோயில் சுவர் கிடைத்தது. நமக்குப் போன் இருக்கிறது.