தாக்குதல் வேகமெடுத்தால் தற்காப்பு என்னவாகும்?

தாக்குதலை வேகப்படுத்திவிட்டால் அணி வலுவாகிவிடும் என்பது காற்பந்து விளையாடும் நம் இளைஞர்களிடையே பரவலாக உள்ள எண்ணம். பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, வகுப்பும் பகுதிநேர வேலையும் முடித்து மாலையில் கூடும் கல்லூரி மாணவர்களுக்குக் கிடைப்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம். அதற்குள் பந்தை விரைவாகக் கடத்த வேண்டும், கோல் முனைக்குப் பாய வேண்டும், பந்து வெளியே போனால் உடனே அடுத்த பந்து. பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. எதிரே நின்று தடுக்கும் நால்வர் அதில் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

தற்காப்பு ஆட்டக்காரரின் வேலையில் பாதி, பந்து அவர் அருகில் இல்லாதபோது நடக்கிறது. பக்கத்தில் உள்ளவர் முன்னேறினால் தான் எவ்வளவு பின்வாங்குவது, வரிசை எப்போது மேலேறுவது, முதுகுக்குப் பின்னால் ஓடுபவரை யார் கவனிப்பது என இவை எல்லாம் நால்வரும் சேர்ந்து பழக வேண்டியவை. தவறு நடந்த நொடியிலேயே பயிற்றுநர் விசிலடித்து, எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே நிறுத்திக் காட்டினால்தான் மனத்தில் பதியும். வேகப் பயிற்சியில் அந்த நிறுத்தம் கிடையாது. விசிலடித்தால் தாக்குதலின் ஓட்டம் கெடும் என்று விட்டுவிடுகிறார்கள். பத்து முறை தவறான இடத்தில் நின்றவர் பதினோராவது முறையும் அங்கேயே போய் நிற்பார்.

நன்மையும் இருக்கிறது. வேகமான தாக்குதலை நாள்தோறும் எதிர்கொள்பவருக்கு உடல் வலு கூடும், முடிவெடுக்கும் நேரம் குறையும். ஆனால் அவர் பார்ப்பது தன் சொந்த அணியின் தாக்குதலை மட்டுமே. நீளப் பந்துகளாலும் கார்னர்களாலும் ஆடும் எதிரணியை ஆட்ட நாளில்தான் முதன்முதலாகச் சந்திப்பார். ஃபுட்சால் கூடத்திலேயே வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஆட்டத்தில் ஆஃப்சைட் விதியே இல்லை. பெரிய திடலுக்கு வரும்போது தற்காப்பு வரிசையை ஒரே கோட்டில் பிடித்து வைப்பது அவர்களுக்குப் புதுப் பாடம்.

இந்த விவாதம் பெரிதாக நடந்த இடம் அமெரிக்கக் கல்லூரிகள். அவர்களுடைய 'ஃபுட்பால்' முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம். 2009 முதல் 2012 வரை ஓரிகன் பல்கலைக்கழக அணியைத் தலைமைப் பயிற்றுநராக வழிநடத்திய சிப் கெல்லி, ஒரு நகர்வு முடிந்ததும் எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்கும் முறையால் பெயர் பெற்றவர். தற்காப்பு அணி ஆட்களை மாற்றிக்கொள்ள 10 விநாடி அவகாசம் வேண்டும் என 2014-இல் விதி மாற்றமே முன்மொழியப்பட்டு, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. கெல்லியின் பயிற்சியும் அதே வேகம்தான். திடலில் ஓட்டம், திருத்தம் பிறகு வீடியோ அறையில். அந்த முறையைக் கடன் வாங்கும்போது வீடியோ அறையையும் சேர்த்து வாங்க வேண்டும். நம் மாணவர் அணிகளில் பாதிக்கு ஒரு கைப்பேசிப் பதிவுகூட இருக்காது.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2010 டிசம்பர் 1-ஆம் தேதி, சுசுகி கிண்ணத் தொடக்க ஆட்டத்தில் கே. ராஜகோபாலின் மலேசிய அணி ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 எனச் சிதறியது. அதன் பிறகு ஆடிய ஆறு ஆட்டங்களில் விட்ட கோல்கள் மூன்றே. வியட்நாமுக்கு எதிரான இரண்டு அரையிறுதி ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விடவில்லை. இறுதிச் சுற்றில் அதே இந்தோனேசியாவை புக்கிட் ஜாலிலில் 3-0 என வென்று, இரண்டாம் ஆட்டத்தில் 2-1 எனத் தோற்றும் கிண்ணத்தைக் கைப்பற்றியது. சாஃபி சாலி ஐந்து கோல் அடித்ததை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தற்காப்பைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்த அணியில் ஓரத்தில் பறந்த எஸ். குணாளன், பின்னர் ஜொகூர் டாருல் தாசிமில் வலது தற்காப்பு ஆட்டக்காரராக மாறினார். கால் வேகம் அவரிடம் முன்பே இருந்தது. எங்கே நிற்பது என்பதுதான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

அப்படிக் கற்கும் இடங்கள் நம் இளைஞர்களுக்கு இப்போது குறைந்துவிட்டன. மிஃபாவாகத் தொடங்கி, பிஜே சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை ஏறிய அணி 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. கல்லூரித் திடலில் கற்காததை அங்கே போய்க் கற்கலாம் என்ற வழி அதோடு அடைபட்டது. கிளப் அணித் தேர்வுக்குப் போகும் தோட்டப்புற மாணவரை முழுத் திடலில் நிறுத்தி வரிசையைப் பிடிக்கச் சொன்னால், கல்லூரியில் பழகியதே கைகொடுக்கும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. கால்கள் சோர்வதற்கு முன், பயிற்சியின் முதல் இருபது நிமிடத்தைத் தற்காப்பு நால்வருக்கு ஒதுக்கலாம். பந்து மெதுவாக நகரட்டும், தவறு வந்த இடத்தில் விசில் ஒலிக்கட்டும். பிறகு வேகத்தைக் கூட்டலாம். வாரத்தில் ஒரு நாள் மாற்று ஆட்டக்காரர்களை அடுத்த எதிரணியைப் போல ஆடச் சொல்லலாம். வேகப் பயிற்சி நடக்கும் நாள்களில் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒருவர் கைப்பேசியோடு நின்றாலே, வீடு திரும்பும் எல்ஆர்டி பயணத்தில் நால்வரும் பார்த்துப் பேச ஏதாவது இருக்கும்.