அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணம்

துருக்கி முஸ்லிம்கள் முஹர்ரம் பத்தாம் நாளையொட்டி 'அஷூரே' எனும் இனிப்புக் கஞ்சி காய்ச்சுவர். கோதுமை, கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், உலர்ந்த அத்தி, திராட்சை ஆகியவற்றைச் சர்க்கரையிட்டு வேகவைத்து, மாதுளை முத்துகளும் அக்ரூட்டும் தூவுவர்.

வெள்ளம் வடிந்தபின், நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலில் எஞ்சிய தானியங்களை ஒரே பானையிலிட்டுச் சமைத்த உணவு இது என்பது அங்குள்ள செவிவழிச் செய்தி. இதைக் காய்ச்சினால் வீட்டில் பரக்கத் பெருகும் என்றும் நம்புகின்றனர்.

கப்பல் ஜூதி மலைமீது தங்கியதைத் திருக்குர்ஆன் (11:44) கூறுகிறது. இக்கஞ்சியைப் பற்றி ஏதும் கூறவில்லை. எனினும் சகோதரிகளே, இதை எவரும் தமக்கென மட்டும் காய்ச்சுவதில்லை. மதம் பாராமல் அண்டை வீடுகளுக்கெல்லாம் கிண்ணங்களில் அனுப்புகின்றனர். அண்டை வீட்டார் பசித்திருக்க, தான் வயிறார உண்ணலாகாது என்ற நபிமொழி அங்கே நடைமுறையாகிறது. பரக்கத்தை அதில் தேடுவோம்!