விலை ஆடுகிறதா, விழுகிறதா?



பால் நிறுக்கும் கொட்டகைச் சுவரில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மகளை அப்பா வாசிக்கச் சொல்கிறார். ‘தி பிரைஸ் ஃபெல் பை ஃபிஃப்டி சென்’ என்று வாசித்துவிட்டு, “ரப்பர் வெல அம்பது காசாயிடுச்சாம்பா” என்கிறாள் மகள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார். அறிவிப்பு சொன்னதோ வேறு. விலை ஐம்பது காசு குறைந்தது. ஐம்பது காசாகக் குறையவில்லை.

தமிழில் ‘ஆக’ என்பது செய்கிற வேலை இது. ஆங்கிலத்தில் ‘பை’ என்றால் எவ்வளவு குறைந்தது என்ற அளவு. ‘டு’ என்றால் குறைந்து எங்கே வந்து நின்றது என்பது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930இல், மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசானது. ‘ஃபெல் பை டென்’ என்றாலும் சரி, ‘ஃபெல் டு ஃபார்ட்டி’ என்றாலும் சரி, செய்தி ஒன்றுதான். ‘ஃபெல் பை ஃபார்ட்டி’ என்று எழுதிவிட்டால் கையில் மிஞ்சுவது 10 காசு!

ஏறுவதற்கும் இதே விதிதான். 2025 பிப்ரவரியில், 5 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியானது. ‘ரோஸ் டு’ 1,700. ‘ரோஸ் பை’ 200.

அடுத்து, நம் பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள்: ‘வேரி’, ‘ஃபிளக்சுவேட்’. ஒரே காலையில் ஒருவர் நிரையில் இரண்டு வாளி பால் கிடைக்கிறது. பக்கத்து நிரையில் ஒன்றரைதான். மரம் இளசா கிழடா, வெட்டுகிற கை எப்படி என்பதைப் பொறுத்து அது வேறுபடும். இது ‘வேரி’. ‘ஃபிளக்சுவேட்’ என்றால் ஒரே பொருள் காலப்போக்கில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவது. நம்மவர்கள் “வெல ஆடுது” என்பார்களே, அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு அகராதியில் கிடைக்காது. இலண்டன் சந்தையில் 1910இல் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அது 144 பென்னி. 1932இல் அதே இராத்தல் 2 பென்னிக்கும் கீழே போனது. அந்த ஆண்டுகளில்தான் ஆயிரக்கணக்கான நம் மக்கள் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். 1950இல் கொரியப் போர் மூண்டதும் விலை மறுபடி கிடுகிடுவென ஏறியது.

ஆண்டுதோறும் குறித்த பருவத்தில் வந்துபோகும் மாற்றத்துக்குச் ‘சீசனல்’ என்று பெயர். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலை கொட்டும், பால் வற்றும். புது இலை தழைத்துத் தேறியதும் பால் திரும்பிவிடும். அதைப் பார்த்து யாரும் கலங்குவதில்லை.

‘டிக்ளைன்’ அப்படியன்று. இது இறங்கிக்கொண்டே போவது. 1980களின் இறுதிவரை உலகிலேயே மிக அதிகமாக ரப்பர் விளைவித்த நாடு மலேசியா. இன்று தாய்லாந்து முன்னால் நிற்கிறது. இங்கே ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. ஒரே நாளில் இல்லை. ஆண்டுக்குச் சில காடாகக் ‘கிராஜுவலி’, அதாவது படிப்படியாக நடந்தது. படிப்படியாக வந்ததாலேயே பல குடும்பங்கள் அதை விலை ஆடுவதைப்போல எண்ணி, நல்ல காலம் திரும்பும் என்று லயத்திலேயே காத்திருந்தன. ஆடுகிற விலைக்குக் காத்திருக்கலாம். ‘டிக்ளைன்’ என்று பத்திரிகை எழுதினால், பிள்ளைக்கு வேறு என்ன தொழில் கற்றுக்கொடுக்கலாம் என்று பேசத் தொடங்குவதே நல்லது என்பது நம் கருத்து.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. 1930இல் பெண்களின் நாட்கூலி 40 காசிலிருந்து 32 காசானது. இதை ‘பை’ போட்டு ஒரு வாக்கியமும் ‘டு’ போட்டு ஒரு வாக்கியமும் எழுதி, அம்மாவிடம் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.