வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள்: முதல் வருடம் மெதுவாகப் போகட்டும்



சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நம் ஜமாஅத்தில் ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்க வைக்க முடிவெடுத்தது. மூத்தவனுக்கு 12 வயது, ஹிஃப்ழு ஓதுகிறான். அடுத்தவளுக்கு 9, கடைக்குட்டிக்கு 6. அத்தா வெளிநாட்டில். தாயார் நம் அலுவலகத்தில் வந்து யோசனை கேட்டார். நாங்களும் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை ஒரு கால அட்டவணை எழுதிக் கொடுத்தோம்.

அது எங்கள் தவறு. ஒன்றரை மாதத்தில் அந்தச் சகோதரி கண் கலங்கி வந்து நின்றார். மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனியாக ஐந்து பாடம் என்றால் ஒரு நாளைக்குப் பதினைந்து வகுப்பு. நடுவில் சமையல், துணி, மாமியாருக்கு மருந்து. சின்னவன் புத்தகத்தைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறான் என்றார். அட்டவணையைக் கிழித்துப் போடச் சொன்னோம்.

பிறகு அவர் செய்ததுதான் மற்றவர்களுக்கும் உதவும். முதல் இரண்டு வாரம் பாடப்புத்தகமே இல்லை. சுப்ஹுக்குப் பின் ஓதுவது, லுஹருக்கு முன் மூவரையும் உட்கார வைத்து ஒரு கதை வாசிப்பது, அவ்வளவுதான். அது பழகியதும் கணக்கைச் சேர்த்தார். அடுத்த மாதம் தமிழ் எழுத்துப் பயிற்சி, அதற்கும் பிறகே ஆங்கிலம். கணக்கும் வாசிப்பும் வயதுக்கு ஏற்றபடி ஆளுக்கு அரை மணி நேரம்; மற்றதெல்லாம் மூவருக்கும் சேர்த்துத்தான். தாயார் மகளுடன் உட்காரும்போது மூத்தவன் தம்பிக்குப் பாடம் கேட்பான். மக்தபில் பெரியவர் சின்னவருக்குச் சபக் கேட்பது நமக்குப் புதிதா என்ன?

சதவீதம் மூத்தவனுக்கு ஏறவே இல்லை. ஜகாத்தை வைத்துச் சொன்னார்: நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம், ஒரு லட்சத்துக்கு 2,500 ரூபாய். உடனே பிடித்துக்கொண்டான்.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் மெத்தனம் கூடாது. குர்ஆனை மனனம் செய்துவிட்டு, கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் இருபது வயதில் வேலை தேடி அலையும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். பள்ளியை விடும்போதே மாற்றுச் சான்றிதழை வாங்கி வையுங்கள். பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், தமிழிலும் எழுதலாம். ஐந்து பாடங்களையும் ஒரே தடவையில் முடிக்க வேண்டியதில்லை, ஐந்து வருட அவகாசம் உண்டு. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது.

திரும்பிப் போவதற்கும் வழி இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுப் பெண் பிள்ளை தோழிகளைத் தேடி ஏங்கினாள். இந்த ஜூனில் பள்ளிக்கே திரும்பிவிட்டாள். அதைத் தோல்வியாக நாங்கள் எண்ணவில்லை, தாயாரும் எண்ணவில்லை. பையன்கள் இருவரும் வீட்டில் தொடர்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

இந்த வருடம் தொடங்க நினைப்பவர்கள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ் நகல்களுடன் சனிக்கிழமை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். அட்டவணை எதுவும் தர மாட்டோம். அந்தச் சகோதரியுடன் பேச ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.